பத்து லிட்டர் டில்டிங் கிரைண்டர்: பதினான்கு மாதம் மாவாட்டிப் பார்த்ததில்

முதலில் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் வீட்டிலிருந்தே இட்லி மாவு விற்கிறேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கிலோ அரிசி, மூன்று கிலோ உளுந்து. உளுந்து இரண்டு ஈடு, அரிசி மூன்று ஈடு. விடிகாலை நாலு மணிக்கு சுவிட்சைப் போட்டால் ஏழரை வரை கிரைண்டருக்கு ஓய்வு கிடையாது. வாரத்தில் ஆறு நாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாவாட்டுகிறவர்கள் இதைப் படித்துக் குழம்ப வேண்டாம். உங்களுக்கு இரண்டு லிட்டர் டேபிள் டாப் போதும்.

வாங்கியது கோவை கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில். 24,500 ரூபாய், டெம்போ வாடகை தனி. பட்டறையின் பெயரைப் போடவில்லை. அந்த அண்ணனிடம் கேட்டேன். “வேண்டாம் அம்மிணி, இருக்கிற ஆர்டரை முடிக்கவே ஆள் இல்லீங்க” என்றுவிட்டார். பெயர் இல்லாமல் என்ன விமர்சனம் என்று கேட்பீர்கள். கோவையில் இந்த மாதிரிப் பட்டறைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எதில் போய் நின்றாலும் எதைத் திருப்பிப் பார்ப்பது, என்ன கேட்பது என்று தெரிந்தால் போதும்.

இதற்கு முன் வைத்திருந்தது பேர்பெற்ற கம்பெனி ஒன்றின் பத்து லிட்டர். அதைக் குறை சொல்ல மனமே வராது, அவ்வளவு லட்சணம். எட்டாவது மாதம் அடியிலிருந்து கரகரவென்று சத்தம். சர்வீஸ் பையன் வந்து கழற்றிக் காட்டினான். பேரிங்கில் கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் இட்லி மாவு நிறத்தில் ஒரு கூழ் இருந்தது. கழுவுகிற தண்ணீர் ஷாஃப்ட் வழியாக இறங்கி உள்ளே புகுந்திருக்கிறது. புதுப் பேரிங் போட்டார்கள். ஐந்து மாதத்தில் திரும்பவும் அதே கரகர. மூன்றாவது முறை வந்தபோது அவனே சலித்துப்போய், “அக்கா, எல்லா மெஷினும் இதே இடத்துலதான் போகுது. ரிப்போர்ட் எழுதி எழுதி அனுப்பறோம். மேல யாரு படிக்கறாங்க?” என்றான். கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே குரலைத் தாழ்த்தினான். “இதுக்கு ஒரு வழி தெரிஞ்சவர் எங்ககிட்டதான் இருந்தாருங்க. இப்பத் தனியா பண்றாரு.” அப்படிக் கிடைத்த நம்பர்தான் இது.

இங்கே என்னைப் பற்றி ஒரு வரி. மாவுக்கு வருவதற்கு முன் பதினோரு வருஷம் கோவையில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஆபீஸ் வேலை பார்த்தேன். ஆள் நின்றால் ரிலீவிங் ஆர்டர் அடிப்பது என் வேலை. ஃபிட்டரோ டர்னரோ நின்றுபோன அன்றைக்கு முதலாளி ஒரு வார்த்தை தவறாமல் சொல்வார்: “சொல்லிக் குடுத்தோம், தூக்கிட்டுப் போறான்.” நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். இந்த கிரைண்டரைக் கழற்றிப் போட்டுப் பார்க்கும் வரைக்கும்.

பட்டறைக்குப் போன அன்று அண்ணன் விலையைச் சொல்லவே இல்லை. பாதி கோத்த மெஷின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் ஷாஃப்டைச் சுற்றி இருந்த ரப்பர் வளையத்தைத் தொட்டுக் காட்டினார். பாவாடை மாதிரி கீழ்ப்பக்கம் விரிந்திருந்தது. அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் குடை. “ஒன்பது வருஷம் பம்பு கம்பெனியில இருந்தனுங்க. பம்புத் தண்ணி மோட்டார் பேரிங்குக்குப் போகக்கூடாது. அதுக்கு ஷாஃப்டுல ஒரு ரப்பர் வளையம் போட்டிருப்போம். கிரைண்டர் கம்பெனிக்கு வந்து பார்த்தா, அது யாருக்குமே தெரியலீங்க.”

ஆனால் அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து மாட்ட முடியவில்லை என்பதுதான் எனக்குச் சுவாரசியமாக இருந்தது. பம்பு மோட்டார் நிமிஷத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் சுற்றும். அந்த வேகத்தில் வளையம் தண்ணீரை வெளியே விசிறி எறிந்துவிடும். கிரைண்டர் உரல் மெதுவாகச் சுற்றுவது; வேகமாகச் சுற்றினால் மாவு சூடாகிவிடும். மெதுவாகச் சுற்றுகிற ஷாஃப்டில் அந்த வளையம் தண்ணீரை எறியாது. தண்ணீர் அதன்மேலேயே உட்கார்ந்து, மெல்ல உள்ளே இறங்கும். முதலில் மாட்டிய நாலைந்து மெஷின் திரும்பி வந்துவிட்டதாம். பிறகுதான், எறிய வேண்டாம், வழிந்து விழுந்தால் போதும் என்று வளையத்தை அகலமாக்கி, சரிவு கொடுத்து, கீழே எண்ணெய் சீல் ஒன்றும் வைத்திருக்கிறார். பதினான்கு மாதத்தில் என் மெஷினுக்குப் பேரிங் மாற்றவில்லை. ஒருமுறை நானே திறந்து விரல் வைத்துப் பார்த்தேன். கிரீஸ் கிரீஸாகவே இருந்தது.

அடுத்தது பெல்ட். பழைய மெஷினில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெல்ட் தளர்ந்து, உளுந்து கெட்டியாகும் நேரம் பார்த்து வழுக்கும். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தரையில் படுக்க வேண்டும். இதில் மோட்டாரை நாலு போல்ட்டில் இறுக்கவில்லை. ஒரு பக்கம் கீல் வைத்த தகட்டில், ஊஞ்சல் மாதிரித் தொங்குகிறது. மோட்டாரின் எடையே பெல்ட்டை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. பெல்ட் நீண்டால் மோட்டாரும் கொஞ்சம் இறங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். இதை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன். பம்பு கம்பெனிக்கும் முன்னால் ஆறு வருஷம் ஒரு நூற்பு மில்லின் ஒர்க்ஷாப்பில் இருந்தாராம். அங்கே பழைய மெஷின் சிலவற்றில் மோட்டார் இப்படித்தான் தொங்கும். மில்காரர்களுக்கு இது பழைய சங்கதி. கிரைண்டர்காரர்களுக்குப் புதுசு.

அப்புறம் மோட்டார். ஒரு எச்.பி., செப்புக் கம்பி, தானே கட்டியது. சூடு ஏறினால் நின்றுவிடும் ஓவர்லோடு சுவிட்ச் ஒன்று வைத்திருக்கிறார். வோல்டேஜ் குறைகிற கோடைக்காலத்தில் இரண்டு முறை தானாக நின்றது. பத்து நிமிஷம் ஆறவிட்டு அமுக்கினால் ஓடியது. காயில் கருகவில்லை. வைண்டிங் எங்கே கற்றார் என்பது தனிக் கதை. கிரைண்டர் கம்பெனியை விட்டு நிற்கும்போது, மூன்று வருஷத்துக்குக் கிரைண்டர் தொழில் பக்கமே போகமாட்டேன் என்று சேர்ந்த அன்று எழுதிக் கொடுத்த முத்திரைத் தாளை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். மனிதர் பயந்துபோய் இரண்டு வருஷம் ஒரு வைண்டிங் கடையில் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். அந்தத் தாள் அவரைத் தடுத்து நிறுத்தியது. தடுத்த இடத்தில் ஒரு தொழிலும் கற்றுக்கொடுத்துவிட்டது.

அந்த மாதிரித் தாள்களை என் கையாலேயே அடித்திருக்கிறேன் என்பதால் இது உறுத்தியது. வக்கீலாக இருக்கும் என் அக்கா மகனிடம் கேட்டேன். சிரித்தான். “சித்தி, 1872ல வந்த ஒப்பந்தச் சட்டம், 27ஆம் பிரிவு. ஒருத்தரைத் தொழில் செய்யாம தடுக்கற ஒப்பந்தம் செல்லாது. வேலையில இருக்கும்போது வேற இடத்துல வேலை பார்க்காதேன்னு சொல்லலாம். நின்ன பிறகு சொல்ல முடியாது.” 1967இல் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கையும் சொன்னான். டயருக்கான நூல் செய்யும் வித்தையை ஒரு மில்லில் கற்றுக்கொண்ட மேற்பார்வையாளர், ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிவதற்குள் ராஜஸ்தானில் இன்னொரு ஆலைக்குப் போய்விட்டார். ஒப்பந்தக் காலத்துக்குள் போனதால் தடை செல்லும் என்று தீர்ப்பு. காலம் முடிந்திருந்தால் கதையே வேறு. வரைபடத்தையோ ரகசியக் கணக்கையோ தூக்கிக்கொண்டு போனால் அது வேறு விஷயம், அதை இதோடு சேர்க்காதே என்றும் சொன்னான். கலிஃபோர்னியாவிலும் இதே போன்ற சட்டம், அதுவும் 1872தானாம். அங்கே கம்ப்யூட்டர்காரர்கள் ஒரு கம்பெனியிலிருந்து எதிர்க் கம்பெனிக்குத் தைரியமாகப் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றான். இங்கே சட்டம் இருந்தும் என்ன, எங்கள் ஆபீஸில் கையெழுத்துப் போட்ட ஒருவருக்கும் அது தெரியாது. எனக்கே தெரியாது.

பேச்சு வளர்ந்து ஹைதராபாத் வரை போனது. அரசு மருந்து நிறுவனமான ஐ.டி.பி.எல்-இல் வேலை பார்த்த அஞ்சி ரெட்டி வெளியே வந்து, வேறு இரண்டு கம்பெனிகளைத் தாண்டி, 1984இல் டாக்டர் ரெட்டீஸைத் தொடங்கினார். 1970ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம் மருந்துக்குச் செய்முறையில் மட்டும்தான் உரிமை கொடுத்தது. அதே மருந்தை வேறு வழியில் செய்யத் தெரிந்தால் செய்யலாம். வேறு வழி தெரிந்தவர்கள் ஐ.டி.பி.எல்-இல் பழகிய ஆட்கள். அவர்கள் வெளியே வர வர ஊருக்குள் மருந்துக் கம்பெனிகள் முளைத்தன. 2005இல் சட்டம் மாறியது. அதற்குள் அந்த ஊர் தன் காலில் நின்றுவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் தினமும் போடும் பிரஷர் மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ஹைதராபாத்தான்.

கோவைக்குத் திரும்புகிறேன். 1932இல் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்தது, மில்கள் பெருகின. 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் சேர்ந்து மோட்டார் செய்தார்கள். மில் மெஷின் பழுது பார்த்த கை மோட்டாருக்கும், மோட்டார் செய்த கை பம்புக்கும் போனது. 1955இல் சபாபதி என்பவர், குழவியைச் சுற்றுவதற்குப் பதிலாக உரலைச் சுற்றவிட்டு முதல் கிரைண்டரைச் செய்தார் என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் சொல்வது. அதைச் சாய்த்துக் கவிழ்க்கும்படி செய்தவர் வேறு, மேசை மேல் ஏற்றியவர் வேறு. 2006இல் ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ என்று புவிசார் குறியீடு கிடைத்தபோது உரிமை ஒரு கம்பெனிக்குப் போகவில்லை, ஊருக்குப் போனது. அதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. எங்கள் அண்ணன் நாலு இடம் மாறினார், ஆனால் நாலும் பஸ் பாஸில் போய்வருகிற தூரம். ஒரு முதலாளி இழந்ததை அடுத்த தெரு முதலாளி எடுத்துக்கொண்டார். இத்தனைக்கும் அவர் பெயரில் ஒரு காப்புரிமை கிடையாது. அந்தக் குடையை யாராவது எந்தப் பதிவேட்டில் போய்த் தேடினாலும் கிடைக்காது.

முதலாளிகள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு, அதை மறைக்க வேண்டாம். ஒரு ஆளுக்கு வேலை பிடிபட இரண்டு வருஷம் ஆகிறது. அதுவரை அவன் கெடுக்கும் சரக்கெல்லாம் முதலாளி கணக்கில்தான். எங்கள் முதலாளி இதற்குக் கண்டுபிடித்த மருந்துதான் மோசம். முழு வரைபடத்தைத் தன் பீரோவில் பூட்டிவைத்துவிட்டு, ஒவ்வொரு செக்ஷனுக்கும் அவரவர் துண்டை மட்டும் கொடுத்தார். ஆள் போனாலும் முழுசும் போகாது என்று கணக்கு. ஒரு வருஷம் சரக்கு ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தது. எங்கே பிசகு என்று சொல்ல உள்ளே ஒரு ஆள் இல்லை.

கல் ஊத்துக்குளிக் கல். நன்றாகக் கொத்தியிருக்கிறார்கள். முதல் மூன்று நாள் தவிடும் நொய்யும் போட்டு ஓட்டிக் கொட்டினேன். நாலாம் நாள் மாவைத் தொட்டுப் பார்த்ததில் நெறுநெறுப்பு இல்லை. உளுந்து பொங்குவது பழைய மெஷினைவிடக் கூடுதல். கைப்பிடி தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆட்டினால் முப்பத்தைந்து நிமிஷத்தில் பந்து மாதிரி எழும்பி வருகிறது. ஒன்றரைக் கிலோ உளுந்துக்கு முன்பு காணாத அளவு. தொழிலுக்கு இதுதான் காசு.

சரி, குறைகள். நிறைய இருக்கின்றன.

அரிசி முழு ஈடு போட்டால் மெஷின் நடக்கிறது. உண்மையாகவே நடக்கிறது. காலையில் சுவரோரம் இருந்தது மூன்றாம் ஈடு முடியும்போது ஒரு சாண் தள்ளி நிற்கும். உரலை பேலன்ஸ் பார்க்கவில்லை. பெரிய கம்பெனியில் அதற்கென்று மெஷின் இருந்ததாம், இங்கே கண்தான். காலுக்கு லாரி டியூப் ரப்பரை வெட்டி வைத்த பிறகு பரவாயில்லை.

ஸ்பேர் இன்னும் மோசம். மாற்று உரல் ஒன்று வேண்டும் என்று வாங்கிவந்தேன். போல்ட் துளை பொருந்தவில்லை, அரை விரல்கடை தள்ளிப் போட்டிருக்கிறது. ஜிக் (எல்லா மெஷினிலும் துளை ஒரே இடத்தில் விழவைக்கும் அச்சு) வைக்காமல், மெஷின் மெஷினாகப் பார்த்துத் துளை போடுகிறார். என் மெஷினுக்குச் செய்தது என் மெஷினுக்கு மட்டும். திரும்பவும் டெம்போ வைத்து மெஷினையே கொண்டுபோய் நிறுத்தி மாட்டிக்கொண்டு வந்தேன், 1,800 ரூபாய் தண்டம். நாலு இடத்து வித்தையும் அவர் கையோடு வந்துவிட்டது. ஜிக்கும், பேலன்ஸிங் மெஷினும், ஒரே மாதிரி ஆயிரம் செய்யும் ஒழுங்கும் கம்பெனியிலேயே நின்றுவிட்டன. பட்டறையில் வாங்குகிறவர்கள் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: மாற்று உரல், கைப்பிடி, வழிக்கிற பிளேட் எல்லாவற்றையும் முதல் நாளே வாங்கி, அங்கேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள். அந்தப் பிளேட் வேறு வெறும் பிளாஸ்டிக். இரண்டு மாதத்தில் உடைந்தது.

வாரண்டி என்பது பில் புக்கின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிய “1 வருஷம்”. போன் எடுப்பது அவர் மனசு.

பதினோராவது மாதம் கீல் தேய்ந்து டக்டக்கென்று தட்ட ஆரம்பித்தது. நாலு நாள் போன் செய்தேன், எடுக்கவில்லை. பக்கத்து டீக்கடையில் மாவு வாங்கும் ஒருவர் இன்னொரு நம்பர் கொடுத்தார். சரவணம்பட்டியிலிருந்து ஒரு பையன் பைக்கில் வந்தான், இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். மெஷினைக் கவிழ்த்ததும் சிரித்தான். “இந்தக் குடை நான் மாட்டினதுங்கக்கா.” அண்ணனிடம் ஐந்து வருஷம் இருந்துவிட்டு, போன தீபாவளிக்குத்தான் தனியாகப் பிரிந்திருக்கிறான்.

கீலுக்குப் பித்தளை புஷ் போட்டான். 650 ரூபாய். அதோடு நான் கேட்காமலே ஒரு வேலை செய்தான். குடையிலிருந்து வழியும் தண்ணீர் ஒரு தகட்டில் விழுந்து அங்கேயே தேங்கி நிற்கும். நாளாக ஆக நாறும். அது எனக்கும் தெரியும், சகித்துக்கொண்டிருந்தேன். தகட்டில் ஒரு துளை போட்டு, கொசுறாக ஒரு சின்னக் குழாயைச் சொருகினான். இப்போது தண்ணீர் நேராகச் சாக்கடைக்குப் போகிறது. “அண்ணன்கிட்ட ரெண்டு தடவை சொன்னனுங்க. தகட்டுல ஓட்டை போட்டா பார்க்க நல்லா இருக்காதுன்னுட்டாரு.”

மறுநாள் அண்ணனே கூப்பிட்டார். உறவில் ஒரு சாவாம், போயிருந்தாராம். பையன் வந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “புஷ் என்ன போட்டான்? பித்தளையா?” என்றார். ஆமாம் என்றேன். துளையைப் பற்றியும் சொல்லிவிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. “எத்தனை எம்.எம். அம்மிணி?”

அவனோடு சண்டை உண்டா என்று தயங்கிக் கேட்டேன். சண்டைதான், ஆனால் அவனுக்குக் கல் அவருடைய ஆள் மூலமாகத்தான் போகிறது, கடனுக்கு. எனக்கு இந்த ஏற்பாடு முழுசாகப் புரியவில்லை. எங்கள் பழைய முதலாளிக்குச் சுத்தமாகப் புரியாது.

யாரிடம் வாங்கலாம் என்று கேட்டால்: மூன்று மணி நேரத்துக்கு மேல் தினமும் ஓட்டுகிறவர்கள், கோவைக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் இருப்பவர்கள், கொஞ்சம் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்கள் பட்டறைக்கே போகலாம். போனதும் விலை கேட்காமல், இதற்கு முன் எங்கெங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேளுங்கள். அப்புறம் மெஷினைக் கவிழ்க்கச் சொல்லுங்கள். கவிழ்க்கத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். மதுரை, திருநெல்வேலி என்று தூரத்தில் இருப்பவர்கள் கம்பெனி மெஷினையே வாங்கி, கழுவும்போது தண்ணீரை ஊற்றாமல் ஈரத் துணியால் துடைத்துக்கொண்டு காலம் தள்ளுங்கள்.

போன மாதம் எங்கள் தெருவில் மெஸ் வைத்திருக்கும் அம்மா அண்ணனிடமே புது மெஷின் வாங்கினார். இறக்கும்போது உதவிக்குப் போனேன். சாய்த்து அடியில் பார்த்தேன். தகட்டில் துளை இருந்தது, எட்டு எம்.எம். என்னுடையது ஆறு. ஆறில் மாவு அடைத்துக்கொள்கிறது. வாரத்துக்கு ஒருமுறை ஈர்க்குச்சியால் குத்திவிடுகிறேன்.